ஒரு வசனத்தோடு அமர்ந்திருத்தல்: கிறிஸ்தவத் தியானத்தைத் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் செபம் புதிதன்று. மாலையில் குடும்பமாக அமர்ந்து செபமாலை சொல்லும் வீடுகளும், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாது செல்லும் குடும்பங்களும், செப்டெம்பர் மாதத்தில் ஆயித்தியமலைச் சதா சகாய அன்னையின் திருத்தலத்துக்குக் கால்நடையாகப் புறப்படும் இளைஞர்களும் இங்கே நிறைய உண்டு. அருகிப் போயிருப்பது வேறொன்று: திருவிவிலியத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அதற்கு முன்னால் பேச்சை நிறுத்திவிட்டு இருபது நிமிடமாவது அமர்ந்திருப்பது. ஆண்டவரிடம் பேசுவதற்குப் பழகியிருக்கும் அளவுக்கு அவரைக் கேட்பதற்கு நாம் பழகவில்லை. அந்தப் பழக்கத்தை எப்படித் தொடங்குவது, எங்கே தடை வரும், எதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பனவற்றைத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன் ஆகையால் சொற்களும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அந்த மரபிலிருந்தே வரும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளைச் சேர்ந்தோருக்கு இதில் அந்நியமாகத் தோன்றக்கூடியது அதிகம் இராது.

தியானத்தின் இடம்

1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, செபம் வெளிப்படும் விதங்களை மூன்றாகக் கூறுகிறது: வாய்மொழிச் செபம், தியானம், ஆழ்நிலைச் செபம். வாய்மொழிச் செபத்தில் திருச்சபை தந்த சொற்களை நாம் சொல்கிறோம். ஆழ்நிலைச் செபத்தில் சொற்கள் ஓய்ந்து அன்போடு நோக்கியிருத்தல் மட்டும் எஞ்சும். அது கொடை, உழைத்துப் பெறும் கூலியன்று. இடையில் நிற்கும் தியானமோ நம்முடைய முயற்சியை வேண்டுவது. எண்ணம், கற்பனை, உணர்ச்சி, ஆசை ஆகிய நான்கும் அதில் வேலை செய்கின்றன என்று அதே மறைக்கல்வி கூறுகிறது. மனத்தை வெறுமையாக்கிவிட்டு ஒன்றையும் நினையாமல் இருப்பதுதான் தியானம் என்று எண்ணித் தொடங்குகிறவர் மூன்றாம் நாளே களைத்துப்போவார்; கிறிஸ்தவர் தியானிக்க அமரும்போது அவர் முன்னால் எப்போதும் ஒரு வாக்கு இருக்கிறது, அந்த வாக்கைச் சொல்பவரும் இருக்கிறார்.

‘கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து, இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்’ என்று, திருப்பாடல்கள் எனவும் வழங்கும் சங்கீதப் புத்தகம் தொடங்குகிறது. இடையர்கள் வந்து சொல்லிச் சென்றவற்றை மரியாள் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார் என்று லூக்கா எழுதுகிறார். இவ்விரண்டு இடங்களிலும் தியானம் மடத்துக்குள் ஒதுங்கியவர்களின் தனியுரிமையாகக் காட்டப்படவில்லை. 12 ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் மடத்துத் தலைவராக இருந்த இரண்டாம் கைகோ என்பவரே வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலை நோக்கு என்ற நான்கு படிகளை ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, மன்றாட்டு அதன் சுவையை எடுக்கிறது, நான்காவது அந்த இனிமையாகவே இருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். நம்மில் பலர் வாயில் வைத்தவுடனே விழுங்கிவிடுகிறோம். ஒரு நாளில் மூன்று அதிகாரம் வாசித்ததாகக் கணக்கு வைத்திருப்போம், மாலையில் கேட்டால் ஒரு சொல்லும் நினைவிராது.

சீர்திருத்த மரபிலும் இதே வழி உண்டு. 1535 இல் மார்ட்டின் லூதர் தமக்கு முடிதிருத்தும் பேத்தர் என்பவருக்காகச் செபிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்: கட்டளைகளில் ஒன்றையோ வேறொரு வசனத்தையோ எடுத்து, அது கற்பிப்பது என்ன, அதற்காக நன்றி சொல்ல என்ன இருக்கிறது, அறிக்கையிட என்ன இருக்கிறது, கேட்க என்ன இருக்கிறது என்று நான்கு இழைகளாகப் பிரித்துச் செபிக்கலாம் என்பது அவருடைய அறிவுரை. கத்தி பிடித்துப் பிழைக்கும் ஒரு மனிதருக்காக எழுதப்பட்டது என்பதாலேயே அது எனக்குப் பிடித்திருக்கிறது. மெதடிஸ்த மரபைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, திருமறையை ஆராய்தல் என்ற அருள் பெறும் வழிக்குள் வாசிப்பதையும் கேட்பதையும் தியானிப்பதையும் சேர்த்தே வைத்தார். அவருடைய மரபைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்திறங்கினார். 1890களிலிருந்து இப்பகுதியில் பணியாற்றிய இயேசு சபையினரோ தங்கள் நிறுவனரான புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலோடு வந்தார்கள். இரண்டு வழிகளும் இந்த மண்ணில் தலைமுறைகளாக இருப்பவைதாம்.

பிள்ளை கண்ணை மூடிப் பேசாமல் அமர்ந்திருப்பதைக் கண்டு, ‘இது வேறு சமயத்தாரின் வழியல்லவா’ என்று கலங்கும் பெற்றோர் உண்டு. கோயிலும் விகாரையும் அயலில் இருக்கும் மாவட்டங்களில் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. 1989 இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடல் இதற்குத் தெளிவான வழியைத் தருகிறது: பிற சமயங்களின் முறைகளில் பயனுள்ளவை கிறிஸ்தவமல்ல என்பதற்காக மட்டும் தள்ளப்பட வேண்டியவையல்ல, ஆனால் கிறிஸ்தவச் செபத்தின் இயல்பும் அதன் கோரிக்கைகளும் மறைந்துபோகக் கூடாது. மூச்சாலும் இருக்கையாலும் தாமாக வரும் உடல் அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதலாக எண்ணிவிட வேண்டாம் என்றும் அம்மடல் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கை நமக்கு மிகவும் வேண்டியது. உடல் தளர்ந்து மனம் இலேசானால் தியானம் ‘நன்றாக நடந்தது’ என்று முடிவுகட்டுவது எளிது; அன்று மாலை அண்ணியிடம் எப்படிப் பேசினோம் என்பதே அதைவிட நம்பத்தகுந்த சான்று.

நேரம், இடம், இருக்கை

தொடக்கத்தில் இருபது நிமிடம் போதும். அரைமணிக்குக் கூட்டுவதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரே வேளையில் அமர்வதே முக்கியம். இயேசு விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தார் என்று மாற்கு எழுதியிருப்பதால் அதிகாலையே சிறந்தது என்பார்கள். பலருக்கு அது பொருந்தும். ஆனால் நள்ளிரவில் கடலுக்குப் போய்க் காலையில் கரை சேர்பவருக்கும், ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் தாய்க்கும் அதே நேரத்தை விதியாக்குவது பொருளற்றது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் வீடு அடங்கும் அந்த வேளையை எடுத்துக்கொள்ளும் தாய்மார், அதிகாலையில் தூங்கி வழிபவர்களைவிட நன்றாகத் தியானிக்கிறார்கள்.

தனி அறை தேவையில்லை. விறாந்தையில் சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு கதிரையும், வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு வார்த்தையும் போதும். ஒலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பள்ளிவாசலின் பாங்கும், திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கியும், மீன்காரரின் சைக்கிள் ஹோர்னும் இல்லாத ஓர் இடத்தைக் கல்முனையிலோ புளியந்தீவிலோ தேடிக்கொண்டிருந்தால் தியானம் தொடங்கவே தொடங்காது. காதில் விழுவது விழட்டும். அதன் பின்னால் போகாமல் இருந்தால் சரி. கைத்தொலைபேசியை மட்டும் வேறிடத்தில் வைக்க வேண்டும். அதிலேயே வேதாகமம் இருக்கிறது என்ற காரணம் சொல்லப்படும். அந்தத் திரையில் வசனத்துக்கு மேலே கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய செய்தியும் வந்து நிற்கும், எது முதலில் திறக்கப்படும் என்பது யாவரும் அறிந்ததே. அச்சுப் புத்தகமே வேண்டும்.

பகுதியை முந்திய இரவே தெரிவுசெய்துவிட வேண்டும். எட்டு அல்லது பத்து வசனங்கள். அதற்கு மேல் வேண்டாம். காலையில் புத்தகத்தைக் கண்டபடி திறந்து விரல் விழுந்த இடத்தை வாசிப்பது நம்மவரிடையே பரவலாக உள்ள பழக்கம். அது குறி கேட்பதற்கு நெருங்கிய ஒன்று, தியானத்துக்கு உதவாது. உறங்கப் போகும்போது, ஓர் அருள்நிறை மரியே சொல்லும் நேரமளவு, நாளை எத்தனை மணிக்கு எதற்காக எழப்போகிறேன் என்று நினைத்துக்கொள்ளும்படி இஞ்ஞாசியார் சொல்கிறார். சிறிய காரியம்தான். ஆயினும் அப்படிப் படுத்தவரின் காலையும், தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபடியே உறங்கியவரின் காலையும் ஒன்றாக இருப்பதில்லை.

முழந்தாளிடலாம், அமரலாம், நிற்கலாம், மல்லாந்து படுத்துமிருக்கலாம் என்று அவரே அனுமதிக்கிறார். தேடியது கிடைத்த நிலையை விட்டு வேறு நிலைக்கு மாற வேண்டாம் என்பதே அவருடைய ஒரே நிபந்தனை. முழங்கால் நோவுள்ள முதியவர் பாயில் அமர்ந்து வேதனைப்பட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. படுத்திருப்பதை மட்டும் மதிய உணவுக்குப் பின் முயலாதிருப்பது நல்லது.

அமர்ந்தபின் நடப்பது

கதிரைக்கு ஓரிரு அடி முன்பே நின்றுவிடுங்கள். பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்ற பரலோக மந்திரத்தைச் சொல்லி முடிக்கும் நேரமளவு அங்கேயே நின்று, ஆண்டவர் இப்போது என்னை நோக்கிக்கொண்டிருக்கிறார் என்பதை நினையுங்கள். இதுவும் இஞ்ஞாசியாரின் அறிவுரையே. பலர் இதை விட்டுவிட்டு நேராக வாசிப்புக்குப் போகிறார்கள். நான் சொல்வேன், இருபது நிமிடத்தில் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் வேறெதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள். யாருக்கு முன்னால் இருக்கிறோம் என்பது தெரியாமல் தொடங்கிய தியானம் விரைவிலேயே தன்னைப் பற்றிய யோசனையாக மாறிவிடும்.

பின் அமர்ந்து, வேண்டிய அருளை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். சிறுவன் சாமுவேல் சொன்னது எப்போதும் பொருந்தும்: ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்.’ அதன்பின் பகுதியை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள்.

லூக்கா 5:1-11 ஐ எடுத்துக்கொள்வோம். கெனசரேத்து ஏரிக்கரையில் இரண்டு படகுகள் நிற்கின்றன. மீனவர்கள் இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு சீமோனின் படகில் ஏறிப் போதித்தபின், ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார். ‘ஐயரே, இராமுழுவதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப்போடுகிறேன்’ என்கிறார் சீமோன்.

முதல் வாசிப்பில் கதை மட்டும் தெரியும். இரண்டாம் வாசிப்பில் ஏதோ ஒரு சொல் தடுக்கும். எது தடுக்கும் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டாம். ஒருவருக்கு ‘இராமுழுவதும்’ என்ற சொல் தடுக்கலாம், இன்னொருவருக்கு ‘ஆகிலும்’. தடுத்த இடத்தில் நின்றுவிடுங்கள். மிகுதி வசனங்கள் அங்கேயே இருக்கும். அவற்றை முடித்தாக வேண்டிய கடமை ஒன்றுமில்லை. ஆன்மாவை நிறைவாக்குவது அறிவின் பெருக்கமன்று, உள்ளே உணர்ந்து சுவைப்பதே என்பது ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே வரும் கூற்று. பதினொரு வசனங்களில் ஒரேயொரு சொல்லோடு இருபது நிமிடமும் போய்விட்டால் அன்றைய தியானம் நிறைவாகவே நடந்தது.

இனிக் கற்பனை. காட்சியை மனத்தில் அமைத்து, அதற்குள் போய் நின்று, பார்த்து, கேட்டு, தொட்டு உணர்வது இஞ்ஞாசிய முறையின் சிறப்பு. பாலமீன்மடுவிலோ நாவலடியிலோ காலை வேளையில் நின்றவர்களுக்கு இதில் பெரிய வாய்ப்பு உண்டு. வலையில் சிக்கிய பாசியை உதறும் கையின் அலுப்பும், பெட்டி வெறுமையாக இருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வேலை செய்யும் அந்த மௌனமும், எரிபொருளுக்குப் போன காசு பற்றிய பேச்சும் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு வாசலாக இருக்கட்டும். வாசலிலேயே நின்றுவிட வேண்டாம். கெனசரேத்து நன்னீர் ஏரி, முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் நம் வாவியைப் போன்றதன்று. அக்காலத்து வலைகள் ஆளிச்செடியின் நூலால் ஆனவை, ஒவ்வொரு முறையும் அலசி உலர்த்தாவிட்டால் உக்கிப்போகும். இரவெல்லாம் உழைத்து, அலசியும் முடிகிற வேளையில், ‘திரும்பவும் போடுங்கள்’ என்று தச்சரின் மகன் ஒருவர் சொல்கிறார் என்றால் சீமோனுக்கு எப்படி இருந்திருக்கும்? அலசிய வலை மறுபடி நனையப் போகிறது. இந்த இடத்துக்கு வந்தபின் கேள்வி தானாகவே நம் பக்கம் திரும்பும்: பலனில்லை என்று நான் அலசி மடித்து வைத்துவிட்ட காரியம் எது?

விடை வந்தவுடன் அதை ஆராயத் தொடங்காதீர்கள், அவரிடம் சொல்லுங்கள். தியானத்தின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. நண்பர் நண்பரிடம் பேசுவதுபோல, அல்லது பணியாளர் தலைவரிடம் பேசுவதுபோல உரையாட வேண்டும் என்று இஞ்ஞாசியார் எழுதுகிறார். ‘ஆண்டவரே, தம்பியோடு காணிப் பிரச்சினை தொடங்கி எத்தனை முறை பேசிவிட்டேன். இனிப் பேசுவதில்லை என்று விட்டுவிட்டேன். நீர் திரும்பவும் போகச் சொல்கிறீரா?’ என்று வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லலாம். செபப் புத்தகத்தின் நடை இங்கே தேவையில்லை. சொல்லி முடித்தபின் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். காதில் ஒலியாக ஒன்றும் கேட்காது; கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பேச்சு முடிந்த அமைதியில் அவருக்கு முன்னால் இருந்தாலே போதும்.

பரலோக மந்திரத்தோடு முடியுங்கள். நேரம் போகாமல் இழுபடும் நாட்களில், குறித்த நேரத்துக்கு முன் எழும்பிவிடும்படி மனம் தூண்டும்போது, குறித்ததற்கு மேலும் சிறிது இருந்துவிட்டே எழ வேண்டும் என்பது பழைய விதி. இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் அடுத்த நாள் அமர்வதற்கு உறுதி தரும்.

அதன்பின் அப்படியே எழுந்து வேலைக்கு ஓடாமல், நடந்துகொண்டோ தேநீரைக் குடித்துக்கொண்டோ எப்படிப் போயிற்று என்று திரும்பிப் பாருங்கள். எந்தச் சொல்லில் மனம் இளகிற்று, எந்த இடத்தில் மனம் கசந்து விலகிற்று என்ற இரண்டையும் ஒரு கொப்பியில் இரண்டு மூன்று வரிகளில் குறித்துவைக்கலாம். கசந்த இடத்தை மறைக்காமல் குறிப்பது முக்கியம். அடுத்த நாள் புதிய பகுதிக்குப் போகாமல் அதே பகுதிக்குத் திரும்பி, முந்திய நாள் இளகிய இடத்திலும் கசந்த இடத்திலும் மட்டும் நிற்பதற்கு மீள்தியானம் என்று பெயர். என் எண்ணத்தில், புதிய பகுதிகளைவிட மீள்தியானமே அதிக பயன் தருகிறது; ஆனால் தினமும் புதியதை எதிர்பார்ப்பவர்களை இதற்கு இணங்கவைப்பது கடினம்.

மனம் அலைந்தால்

அலையும். கடன் தவணை, மகளின் பரீட்சை, பெரும்போக வெள்ளாமைக்கு உர விலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கவனித்த உடனே, தன்னைக் கடிந்துகொள்ளாமல், நின்ற சொல்லுக்குத் திரும்புங்கள். இருபது நிமிடத்தில் நாற்பது முறை திரும்ப நேர்ந்தால் நாற்பது முறையும் திரும்பலாம். ஒரே கவலை திரும்பத் திரும்ப வந்தால் அதைத் துரத்துவதை விட்டு, அதையே ஆண்டவருக்கு முன் வைத்துப் பேசுவது நல்லது. அன்றைக்கு அதுவே தியானப் பொருளாக இருக்கலாம்.

அவிலா நகரத் தெரேசா திருச்சபையின் மறைவல்லுநர். செபத்தைப் பற்றி எழுதியவர்களில் அவருக்கு நிகராகச் சிலரையே சொல்ல முடியும். அப்படிப்பட்டவர், நற்கருணை வாங்கிய வேளைகளைத் தவிர, 18 ஆண்டுகளாகக் கையில் புத்தகம் இல்லாமல் செபிக்க அமரத் துணிந்ததில்லை என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். செப நேரம் எப்போது முடியும் என்று மணிக்கூட்டின் ஒலிக்குக் காத்திருந்த காலமும் அவருக்கு இருந்தது. எனவே மனம் பிடிக்காத நாளில் புத்தகத்தைத் திறந்து இன்னொரு முறை மெதுவாக வாசிப்பதில் வெட்கமில்லை.

வாரக்கணக்கில் ஒன்றும் சுவைக்காத வறட்சியும் வரும். அக்காலத்தில் இரண்டைச் சோதித்துப் பார்க்கலாம்: நேரத்தைக் குறைத்துவிட்டேனா, ஒப்புரவாக வேண்டிய ஒருவரைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறேனா. இரண்டுமில்லை என்றால் வறட்சியைத் தாங்கிக்கொண்டு அதே நேரத்தில் அமர்வதே வழி. மனம் இருண்டிருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்ற வேண்டாம் என்பது இஞ்ஞாசியார் வகுத்த விதிகளில் ஒன்று. தியானத்தை விட்டுவிடும் முடிவுக்கும் அது பொருந்தும்.

கடலையும் காணாமற்போனோரையும் பற்றி

ஒரு விடயத்தை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். கற்பனைத் தியானத்துக்கு வழிகாட்டுவோர் மாற்கு 4:35-41 ஐ, இயேசு புயலை அடக்கும் பகுதியை, தொடக்கத்திலேயே கொடுப்பது வழக்கம். அலை படகுக்குள் பாய்வதைப் பாருங்கள், நீரின் குளிரை உணருங்கள் என்று சொல்வார்கள். 2004 டிசெம்பர் 26 ஐக் கல்லடியிலும் நாவலடியிலும், பாண்டிருப்பிலும், திருக்கோவிலிலும் கண்டவர்கள் இருக்கும் கூட்டத்தில் அந்த அழைப்பு எதை எழுப்பும் என்று வழிகாட்டுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகள் கடந்தும் சிலருக்கு அந்த நீர் வற்றவில்லை. அவர்களுக்குப் புயல் பகுதியைத் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள்; தனியாகத் தியானிப்பவரும் அதைத் தாமாக எடுக்க வேண்டாம். அதே கடலையும் மீனவரையும் கொண்ட யோவான் 21:1-14 இருக்கிறது: விடிகிறது, கரையில் கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, ‘வந்து உண்ணுங்கள்’ என்று உயிர்த்தவர் அழைக்கிறார். அங்கிருந்து தொடங்கலாம்.

போரில் பிள்ளையைப் பறிகொடுத்தோரும், காணாமற்போனவருக்காக இன்னும் கதவைப் பார்த்திருப்போரும் அமைதியில் அமர்ந்தால் முதலில் மேலெழுவது அந்த நினைவே. அதைத் தியானத்துக்கு இடைஞ்சல் என்று தள்ளச் சொல்வது கொடுமை. திருப்பாடல்களில் பல புலம்பல்களே. 88 ஆவது பாடல் ஆறுதலான ஒரு வரியும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அப்படியே திருமறையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை வாசித்து அதன் சொற்களாலேயே அவரிடம் முறையிடலாம். ஆனால் மூச்சுத் திணறி, உடல் நடுங்கி, பழைய காட்சி கண்முன் ஓடத் தொடங்கினால் கண்ணைத் திறந்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். அன்றைக்கு அது போதும். நம்பிக்கையான ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். இது தொடர்ந்தால் மனநல மருத்துவரைக் காணுங்கள். தியானம் சிகிச்சையன்று, சிகிச்சைக்குப் போவது நம்பிக்கைக் குறைவுமன்று.

அமர நேரமில்லாதோருக்கு

வயற்காவலில் இரவைக் கழிப்பவருக்கும், விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கும் பெண்ணுக்கும், வெளிநாட்டில் இன்னொருவர் வீட்டில் வேலை செய்பவருக்கும் இருபது நிமிடம் கிடைப்பது அரிது. அவர்களுக்கு எகிப்தின் பாலைவனத் துறவிகள் விட்டுச்சென்ற வழி ஒன்று இருக்கிறது. 4 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களிடையே வாழ்ந்து, அவர்களுடைய போதனையை எழுதிவைத்தவர் ஜோன் கசியன். ஆபத்திலும் உணவிலும், உறங்கப் போகும்போதும் விழிக்கும்போதும் ஒரே ஒரு திருப்பாடல் வரியை இடைவிடாது நெஞ்சில் சொல்லிக்கொண்டிருக்கும்படி அவர்கள் கற்பித்தார்கள்: ‘கடவுளே! என்னை விடுவித்தருளும், ஆண்டவரே! எனக்குத் துணை செய்ய விரைந்து வாரும்.’ கீழைத் திருச்சபைகளிலோ ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரங்கும்’ என்ற இயேசு மன்றாட்டு அந்த இடத்தைப் பிடித்தது.

மூச்சோடு சேர்த்தும் சொல்லலாம். பரலோக மந்திரத்தை ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லி, அந்த இடைவெளியில் அச்சொல்லின் பொருளையோ அதைக் கேட்பவரையோ நினைத்திருப்பது இஞ்ஞாசியார் தரும் மூன்றாவது செபமுறை. பேருந்து செங்கலடியிலிருந்து நகரத்துக்கு வரும் நேரத்தில் ஒரு முறை நிதானமாகச் சொல்லி முடித்துவிடலாம். செபமாலையும் இவ்வகையில் வைத்து எண்ணப்பட வேண்டியதே. மறையுண்மையை, அதாவது அந்தப் பகுதிக்குரிய இயேசு, மரியாள் வாழ்வின் நிகழ்ச்சியை, நினையாமல் மணிகளை மட்டும் நகர்த்துவது நம்மிடம் வேரூன்றிவிட்டது. பத்துப் பத்தாக வரும் மணிகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் அதற்குரிய நற்செய்திப் பகுதியில் இரண்டு வசனம் வாசித்து, கால் நிமிடம் நிறுத்தினால், மாலைச் செபம் ஐந்து நிமிடம் நீளும், அவ்வளவே.

துணையோடு

தனியே தியானிப்பவருக்கும் ஓர் ஆள் வேண்டும். மாதம் ஒரு முறை பங்குத்தந்தையிடமோ, போதகரிடமோ, செபத்தில் முதிர்ந்த ஓர் அருட்சகோதரியிடமோ கொப்பியைத் திறந்து வைத்துப் பேசலாம். ‘ஆண்டவர் எனக்குச் சொன்னார்’ என்று ஒருவர் வேலையை விடவோ, திருமணத்தை முடிவு செய்யவோ, அயலாரைக் கண்டிக்கவோ புறப்படும்போது இந்தத் துணை இன்றியமையாதது. நற்செய்திக்கு மாறானதையும், கடமையைக் கைவிடுவதையும் ஆண்டவர் சொல்லியிருக்க மாட்டார். அதைக் கண்டுகொள்ள இன்னொருவரின் கண் உதவுகிறது.

பங்கிலுள்ள அயல் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் சேர்ந்தும் செய்யலாம். ஒருவர் பகுதியை வாசிக்க, இரண்டு நிமிடம் யாவரும் பேசாமலிருந்து, தம்மைத் தொட்ட சொல்லை மட்டும் விளக்கமின்றிச் சொல்ல வேண்டும். மீண்டும் வாசித்து, மீண்டும் அமைதி, பின் அச்சொல்லிலிருந்து எழும் ஒரு வரி மன்றாட்டு. விளக்கம் சொல்ல விரும்பும் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார். அவரையே வாசிப்பவராக ஆக்கிவிட்டால் அவருக்கும் மதிப்பு, கூட்டத்துக்கும் அமைதி. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிமார் இக்கூட்டங்களில் பின்னடைவதில்லை. இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் முதலில் வாய்திறப்பவர்கள் பெரும்பாலும் அவர்களாகவே இருக்கிறார்கள்.

முதல் வாரங்களுக்கான பகுதிகள்

முதல் வாரத்தில் திருப்பாடல் 131 ஐ எடுக்கலாம். மூன்றே வசனங்கள், ஆகையால் ஓடுவதற்கு இடமில்லை. மூன்று நாள் அதிலேயே இருந்து, பின் திருப்பாடல் 23 க்குப் போகலாம். இரண்டாம் வாரம் எசாயா 43:1-4. மூன்றாம் வாரத்திலிருந்து நற்செய்திக் காட்சிகள்: லூக்கா 5:1-11, எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவின் பகுதியான மாற்கு 10:46-52, யோவான் 21:1-14, எம்மாவு வழியைப் பற்றிய லூக்கா 24:13-35. இந்த இறுதிப் பகுதி நீளமானது. அதை மூன்று நாட்களுக்குப் பிரித்து, நடந்த வழி, பேசிய பேச்சு, பிட்ட அப்பம் என்று தனித்தனியே அமரலாம். பாடுகளின் பகுதிகளைத் தவக்காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. இவை முடிந்தபின் தெரிவு செய்யும் வேலையே வேண்டாம்: வரும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிக்கப்படும் நற்செய்தியைத் திங்கட்கிழமையே எடுத்து, வாரம் முழுவதும் அதோடு இருந்தால், மறையுரையைக் கேட்கும் காதும் மாறிவிடும்.